ஆண் இருவாச்சி செத்தால் பெண்ணும் சாகுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: இருவாச்சிப் பறவை ஆயுள் முழுக்க ஒரே துணையோடு வாழும், இரை தேடிப் போன ஆண் திரும்பி வராவிட்டால் பொந்துக்குள் அடைபட்ட பெண்ணும் குஞ்சும் பட்டினி கிடந்து அங்கேயே உயிரை விடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அது உண்மையா? மனிதரிடம் இல்லாத விசுவாசம் பறவையிடம் இருக்கிறதா? ஏப்ரலில் குடும்பத்தோடு வால்பாறை போகிறோம், கூட்டைப் பார்க்க முடியுமா? மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் வேறு வேறு. பறவை என்ன செய்கிறது என்பது முதல் கேள்வி, அதைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம். அது செய்வதற்கு விசுவாசம் என்று நாம் பெயர் வைக்கலாமா என்பது இரண்டாவது. ஆனைமலைப் பக்கம் பல வருடங்களாக இருவாச்சிக் கூடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருபவன் என்பதால் முதலாவதற்கு ஓரளவு திடமாகவே பதில் சொல்வேன். இரண்டாவதற்கு என் கருத்தைத்தான் சொல்ல முடியும்.

முதலில் உறுதியானவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நான்கு வகை இருவாச்சிகள் இருக்கின்றன. அந்தச் செய்தியோடு வந்த படம் பெரிய இருவாச்சியாகத்தான் இருக்கும். மூன்று கிலோ வரை எடை, அலகுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு புடைப்பு, பறந்தால் பழைய கரி எஞ்சின் மாதிரி இறக்கைச் சத்தம். தை மாத வாக்கில் பெண் ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் நுழைந்து, வாசலைத் தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு நீளக் கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே ஒன்றோ இரண்டோ முட்டை இட்டு ஏறத்தாழ நாற்பது நாள் அடைகாக்கும், சிறகும் உதிர்க்கும். அந்தக் காலம் முழுவதும் சாப்பாடு ஆண் கொண்டுவருவதுதான். ஆல், அத்தி வகைப் பழங்களைத் தொண்டைக்குள் நிரப்பிக்கொண்டு வந்து, மரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அலகு நுனிக்கு எடுத்து அந்தக் கீறல் வழியே கொடுக்கும். காட்டு ஜாதிக்காய் போன்ற கொழுப்புள்ள பழங்களும் வரும், சில சமயம் ஓணானோ வேறு பறவையின் குஞ்சோ வரும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பெண் பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அம்மா போன பிறகு குஞ்சு தானே உள்ளிருந்து வாசலை மறுபடி பூசிக்கொள்ளும். அதன்பின் இரண்டு பேரும் இரை கொண்டுவருவார்கள். எல்லாம் சேர்த்து ஒரு கூட்டின் கதை முடிய நான்கு மாதத்துக்கு மேல் ஆகும்.

இந்தப் பூச்சு வேலையை முக்கியமாகச் செய்வது பெண், அதுவும் உள்ளே இருந்துகொண்டு. வாட்ஸ்அப் செய்திகளில் ஆண்தான் மனைவியைப் பூட்டி வைப்பதாக எழுதுகிறார்கள். அது நம் வீட்டுக் கற்பனை. தானே கட்டிய சுவரை உடைக்கவும் பெண்ணால் முடியும். ஆகவே ஆண் வராமல் போனால் என்ன ஆகும் என்பது, எந்தக் கட்டத்தில் வராமல் போனது என்பதைப் பொறுத்தது. அடைந்த ஆரம்ப நாட்களில் என்றால் பெண் உடைத்துக்கொண்டு வெளியேறிவிடலாம். முட்டை வீண், பறவை பிழைக்கும். பல இருவாச்சி இனங்களில் பெண் பறப்புச் சிறகுகளை மொத்தமாக உதிர்த்துவிடும். அந்த நாட்களில் வெளியே வந்தாலும் பறக்க முடியாது, தரையில் விழுந்தால் கீரியோ சிறுத்தையோ பார்த்துக்கொள்ளும். குஞ்சு பொரித்த பிறகு என்றால், சின்னக் குஞ்சு பிழைக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடைசிக் கட்டத்தில், பெண் வெளியே வந்துவிட்ட பிறகு என்றால், ஒற்றை ஆளாகவே குஞ்சைக் கரையேற்றிவிடவும் கூடும். ஆண் சுடப்பட்டால் கூடு அழியும் அபாயம் பெரியது என்பது முழு உண்மை. வேட்டை இந்தப் பறவையை இவ்வளவு சீக்கிரம் அழிப்பதற்கும் அதுவே காரணம், ஒரு தோட்டாவில் ஒரு குடும்பம் போய்விடும். துக்கத்தில் உயிரை விடுகிறது என்ற பகுதி மட்டும் கதை. சிறகில்லாமல் பசியில் சாவதை உடன்கட்டை ஏறுவதாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆயுள் முழுக்க ஒரே துணையா என்பதில்தான் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பொந்தில் வருடா வருடம் ஒரு ஜோடி வந்து கூடு கட்டுவதை நாங்கள் பார்க்கிறோம். பார்த்ததும் ‘அதே ஜோடி’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் இங்கே பெரும்பாலான பறவைகளுக்குக் கால் வளையமோ வேறு அடையாளமோ போட்டதில்லை. ஆண், பெண் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். ஆணுக்கு விழி சிவப்பு, பெண்ணுக்கு வெளிறியது. போன வருட ஆண்தான் இந்த வருட ஆணா என்பது அப்படித் தெரியாது. அலகில் ஒரு உடைசல், புடைப்பில் ஒரு வெட்டு என்று தற்செயலாக ஏதாவது கிடைத்தால் அடையாளம் பிடிக்கலாம். அப்படிப் பிடிக்க முடிந்த இடங்களில் பெரும்பாலும் அதே பறவை திரும்பி வந்திருக்கிறது. இதற்கு மேல் ‘ஆயுள் முழுக்க’ என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். பொந்து மாறவில்லை என்பது உறுதி. ஜோடி மாறவில்லை என்பது நம்பத்தக்க ஊகம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். சேர்ந்து வாழ்வது ஒன்று, பிறக்கும் குஞ்சு அந்த ஆணுடையதுதானா என்பது வேறொன்று. பறவை இனங்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஜோடியாகக் குஞ்சு வளர்ப்பவை என்று 1968இல் டேவிட் லாக் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் கணக்கிட்டார். அதை வைத்துக்கொண்டு பறவைகள் எல்லாம் ஏகபத்தினி விரதம் என்று ஒரு தலைமுறை முழுக்க நம்பியது. 1987இல் வீட்டுச் சிட்டுக்குருவிகளில் டிஎன்ஏ சோதனை செய்து பார்த்தார்கள், அதன் பிறகு வரிசையாக மற்ற இனங்களிலும் பார்த்தார்கள். குட்டு வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஃபேரி ரென் என்று ஒரு நீலக் குருவி இருக்கிறது. ஜோடி பிரியாது, ஒரே இடத்தில் வருடக்கணக்கில் வாழும். கூட்டில் உள்ள குஞ்சுகளில் பாதிக்கு மேல் அடுத்த வீட்டு ஆணுடையவை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற அன்னம் கூடத் தப்பவில்லை. அதே ஆஸ்திரேலியாவின் கருப்பு அன்னத்தில் ஏறத்தாழ ஏழு குஞ்சுக்கு ஒன்று வேறு ஆணுக்குப் பிறந்தது.

இருவாச்சி இந்தப் பரிசோதனையில் தேறியது. ஆப்பிரிக்காவில் நமீபியாவின் வறண்ட பகுதியில் மாண்டெய்ரோ இருவாச்சி என்று ஒரு சிறிய இனம் உண்டு. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகளைச் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றுகூட வெளி ஆணுடையது இல்லை. இது அந்த ஒரு இனத்தைப் பற்றிய செய்தி, நம்மூர்ப் பெரிய இருவாச்சிக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய நிலைமை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பெண் அடைபட்டிருக்கிறது, ஆணுக்கோ மூச்சுவிட நேரமில்லை. ஒரு கூட்டுக்கு இரை கொண்டுவந்து முடிப்பதற்கே ஒரு ஆணின் நாள் முழுவதும் போய்விடுகிறது, இரண்டாவது குடும்பம் நடத்தினால் இரண்டுமே பட்டினி. தன் குஞ்சுதான் என்பதில் சந்தேகம் இருக்கும் ஆண் இவ்வளவு உழைக்குமா என்று திருப்பியும் கேட்கலாம். உழைப்பு பெரிதாக இருப்பதால் பிசகு குறைகிறதா, பிசகு குறைவாக இருப்பதால் இவ்வளவு உழைப்பு சாத்தியமாகிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதே குடும்பத்தில் வேறு ஏற்பாடும் உண்டு. வடகிழக்கு மாநிலங்களில் இருக்கும் பழுப்பு இருவாச்சிக் கூட்டுக்கு ஒரு ஆண் மட்டும் இரை கொண்டுவருவதில்லை. உதவிக்கு வேறு பறவைகளும் வரும். அங்கே தலைமை ஆணுக்கு ஏதாவது ஆனாலும் கூடு பிழைக்க வழி இருக்கிறது.

மாறாமல் இருப்பது எதைப் பொறுத்தது என்று பார்க்கக் கடல்பறவைகள்தான் நல்ல இடம், ஏனென்றால் அவற்றுக்கு வளையம் போட்டுப் பல பத்தாண்டு தொடர்ந்திருக்கிறார்கள். ‘விவாகரத்து’ என்ற சொல்லையே இந்தத் துறையில் கூச்சமில்லாமல் பயன்படுத்துவார்கள். இரண்டு துணையும் உயிரோடு இருந்தும் அடுத்த பருவத்தில் வேறு துணையோடு கூடு கட்டினால் அது விவாகரத்து. இங்கிலாந்தில் ஜான் கூல்சன் 1950களிலிருந்து கிட்டிவேக் என்ற கடல்பறவையைத் தொடர்ந்து பார்த்தார். குஞ்சு பொரிக்கத் தவறிய ஜோடிகளே அதிகம் பிரிந்தன. ஃபாக்லாந்து தீவுகளில் கருப்புப் புருவ அல்பட்ராஸ் ஜோடிகளில் வழக்கமாக நூற்றில் நான்குகூடப் பிரிவதில்லை. கடல் நீர் சூடேறி இரை குறைந்த 2017இல் அது ஏறத்தாழ எட்டானது. நன்றாகக் குஞ்சு வளர்த்த ஜோடிகள்கூடப் பிரிந்தன என்பதுதான் அந்த ஆய்வில் என்னை யோசிக்க வைத்தது. சக்கரவர்த்திப் பெங்குயினை எடுத்துக்கொண்டால் ஒரு பருவத்துக்குள் அதைப் போலக் கடமை தவறாத தகப்பன் கிடையாது, அந்தக் குளிரில் இரண்டு மாதம் பட்டினியாக முட்டையைக் காலில் சுமக்கும். அடுத்த வருடம் பெரும்பாலான ஜோடிகள் மாறிவிடும். காரணம் எளிது, அதற்குக் கூடு என்று ஒரு இடம் இல்லை. பனிப் பரப்பில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு நடுவே பழைய துணையைத் தேடிக் காத்திருந்தால் பருவம் போய்விடும். திரும்பி வந்து சந்திக்க ஒரு இடம் இருக்கும் பறவைதான் துணையையும் தக்கவைக்கிறது.

பசிபிக் கடலின் மிட்வே தீவில் விஸ்டம் என்ற பெண் அல்பட்ராஸ் இருக்கிறது. 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் அதற்கு வளையம் போட்டார், அப்போதே அது வளர்ந்த பறவை. பல வருடம் ஒரே துணையோடு ஒரே இடத்தில் முட்டையிட்டது. அந்தத் துணை சில பருவங்களாக வரவில்லை. 2024 கடைசியில், எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பறவை புதுத் துணையோடு மறுபடி முட்டையிட்டது. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு ஏன் என்றே புரியவில்லை. துணை வராதபோது காத்திருந்ததும் அதே பறவைதான், வரமாட்டாது என்றான பிறகு வேறு துணை தேடியதும் அதே பறவைதான். நம் அளவுகோலில் ஒன்று மேல், இன்னொன்று கீழ் என்று வைப்பதில் பறவைக்கு என்ன சம்பந்தம்?

நமக்கு இந்த அளவுகோல் பழசு. பூ ஒன்று இடையில் வந்து மறைத்தாலே ஒரு வருடம் பிரிந்ததுபோல் வருந்தும் மகன்றில், துணை இல்லாமல் இரவில் குரல் கொடுக்கும் அன்றில் என்று சங்கப் புலவர்களே பாடிவிட்டார்கள். அந்தப் புலவர்கள் நீர்நிலைகளைக் கவனித்துப் பார்த்தவர்கள், ஜோடி ஜோடியாகத் திரியும் பறவை அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. தவிப்பு மட்டும் பாட்டில் வரும் மனிதருடையது. வடக்கே சாரஸ் கொக்குக்கு இந்தப் பெருமை. ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது சாப்பிடாமல் சாகும் என்பார்கள். உத்தரப் பிரதேசத்து வயல்வெளிகளில் பல வருடம் தொடர்ந்து பார்த்தவர்கள், சில இடங்களில் இரண்டு மூன்றாகி மூவரும் சேர்ந்து குஞ்சு வளர்ப்பதையே கண்டிருக்கிறார்கள். அபூர்வம்தான், நூற்றில் இரண்டுக்கும் குறைவு. ஆனால் இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இருவாச்சியின் உள்ளே அன்பு போல ஏதாவது ஓடுகிறதா என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது, இல்லவே இல்லை என்று சொல்பவரும் அதிகமாகத்தான் பேசுகிறார். கூட்டுக்கு எதிரே ஒளிந்து உட்கார்ந்தால் தெரிவது ஒன்றே ஒன்று. அது வருகிறது. மழை பிடித்த நாளில் வருகிறது, பக்கத்தில் பழம் தீர்ந்துபோய்த் தூரத்துச் சோலைக்குப் போக வேண்டிய நாளிலும் வருகிறது. வாசலில் கொஞ்சல் எதுவும் கிடையாது. பழத்தைக் கொடுக்கும், போகும். சில சமயம் மரப்பட்டைத் துண்டைக் கூடக் கொண்டுவந்து நீட்டும், உள்ளிருப்பவள் வாங்கிக்கொள்வாள், எதற்கென்று தெரியாது. இதை நான் விசுவாசம் என்றுதான் சொல்வேன், பறவையின் மனதைப் பற்றி எதுவும் சொல்லாமல். மனிதரிடம் இல்லாதது என்ற பாதியை மட்டும் ஏற்க மாட்டேன். படுக்கையில் விழுந்த மனைவிக்கோ கணவனுக்கோ பத்து வருடம் வேளா வேளைக்குச் சோறூட்டும் ஆட்கள் உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார்கள். அவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் செய்தி வராது, அவ்வளவுதான்.

பெங்குயின் விஷயத்தில் சொன்னதை இங்கே மறக்க வேண்டாம், இருவாச்சிக்கும் எல்லாம் இடத்தில்தான் தொங்குகிறது. மரங்கொத்தி மாதிரி இதற்குப் பொந்து குடையத் தெரியாது. கிளை முறிந்து, உள்ளே உளுத்து, தானாக உண்டான பொந்து வேண்டும், அதுவும் இவ்வளவு பெரிய பறவை புகுந்து உட்காரும் அளவுக்கு. அப்படிப்பட்ட மரம் உருவாக நூறு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் நல்ல பொந்தை விடவே விடாது. ஆண்கள் நடுவானில் தலைப் புடைப்பால் டமாரென்று மோதிக்கொள்வதைக் காட்டுயிர் ஆய்வாளர் ஷங்கர் ராமன் ஆனைமலையிலிருந்து பதிவு செய்திருக்கிறார். பழ மரத்துக்காகவோ பொந்துக்காகவோ நடக்கும் சண்டையாக இருக்கலாம். மரம் விழுந்தால் ஜோடி வேறு பொந்து தேடும், கிடைக்காவிட்டால் அந்த வருடம் கூடு இல்லை. பழைய மரங்களை வெட்டாமல் விட்ட காப்பி எஸ்டேட்டுகளில்கூட இவை கூடு வைப்பதைப் பார்க்கிறோம்.

இந்த மரங்களைக் காப்பதில் மனிதர்களும் நிலையாக நின்றிருக்கிறார்கள். தாய்லாந்தில் பிலாய் பூன்ஸ்வாத் 1978இல் காவ் யாய் காட்டில் இருவாச்சி ஆய்வைத் தொடங்கி வாழ்நாள் முழுக்க அதையே செய்தார். தென் தாய்லாந்தில் குஞ்சு திருடி விற்றவர்களையே கூட்டுக் காவலர்களாக மாற்றினார். கேரளத்து வாழச்சாலில் காடர் பழங்குடியினர் அதே கூட்டுக் காவல் வேலையைச் செய்கிறார்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று தலைமுறையாகத் தெரிந்தவர்கள், முன்பு அந்த அறிவு குஞ்சு எடுக்கப் பயன்பட்டது. அருணாச்சலத்தின் பக்கே காட்டை ஒட்டி நியிஷி மக்கள் காவல் இருக்கிறார்கள், அங்கே அபராஜிதா தத்தா போன்ற ஆய்வாளர்களின் உழைப்பு பெரிது. கூட்டுக் காவல் என்றால் ஒரு பருவத்து வேலை இல்லை, அதே மரத்துக்கு அடுத்த தையிலும் போய் நிற்க வேண்டும்.

இனி உங்கள் ஏப்ரல் பயணம். கூட்டைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரலில் உள்ளே குஞ்சு இருக்கும். மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் தொலைவிலேயே உட்கார்ந்து காத்திருக்கும், கிட்டே வராது. நீங்கள் அரை மணி நேரம் நின்று போவீர்கள், அடுத்த கார் வந்து நிற்கும், உள்ளே இருப்பவர்களுக்கு அன்றைய சாப்பாட்டில் ஒரு வேளை குறையும். கூடு காட்டுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். பழுத்த ஆலமரமோ அத்தியோ எங்கே இருக்கிறது என்று எஸ்டேட் ஆட்களிடம் விசாரியுங்கள். காலை ஆறரை மணிக்கு முன்னால் போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் அதே ஆண் பழம் நிரப்புவதை நிம்மதியாகப் பார்க்கலாம். முதலில் இறக்கைச் சத்தம்தான் கேட்கும், உடனே மேலே பாருங்கள். படம் எடுத்துப் போட்டால் இடத்தின் பெயரை எழுதாதீர்கள். மளுக்கப்பாறை வழியாக வாழச்சால் இறங்குவதாக இருந்தால், அந்தக் காட்டுச் சாலையில் இரவில் வண்டி விடமாட்டார்கள், சோதனைச் சாவடி நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.